சுழல்தண்டும் இடம்பெயர்ந்த கோயிலும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் நாலந்தா என்றொரு சிற்றூர் உண்டு. பிரதான வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் நடந்தால், நீர்த்தேக்கத்தின் கரையோரமாகக் கல்லிலே கட்டிய சிறு கோயில் ஒன்று தெரியும். நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். கருவறையும் மண்டபமும் தூண்களும் கூடுகளுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவர்க்கு மாமல்லபுரம் நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் அது பௌத்தர்களின் வழிபாட்டிடம். தெற்கு நோக்கிய கூட்டிலே குபேரன் அமர்ந்திருக்கிறான். அடித்தளத்திலே தாந்திரிக மரபைச் சேர்ந்ததெனக் கருதப்படும் சிற்பமொன்றும் இருக்கிறது. கட்டிய காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்பாரும் உளர். பத்தாம் நூற்றாண்டு என்பாரும் உளர். பல்லவச் சிற்பி செய்ததா, அவனிடம் பயின்ற உள்ளூர்ச் சிற்பி செய்ததா, யாருக்கு உரிமை என்ற வழக்கும் நெடுங்காலமாக நடக்கிறது. இரண்டு மரபுகள் ஒரே கல்லிலே சமாதானமாக இருக்கும்போது, பார்க்க வருகிறவர்கள்தாம் சண்டை போடுகிறார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது இன்றைய நோக்கமன்று.

இன்று சொல்ல வந்தது வேறு. அந்தக் கோயில் இப்போது நிற்கும் இடம் அதைக் கட்டியவர்கள் வைத்த இடம் அன்று. முன்னர் அது சற்றுத் தாழ்வான நிலத்தில், வயல்களுக்கு நடுவே நின்றது. இலங்கைத் தீவின் மையம் இதுதான் என்று மக்கள் சொல்லிவந்த இடம் அது. 1975ஆம் ஆண்டில் தொல்பொருளியல் திணைக்களத்தார் அதைக் கல் கல்லாகப் பிரிக்கத் தொடங்கினர். பிரித்த கற்களை மேட்டுக்குக் கொண்டுபோய், மறுபடியும் பழையபடி அடுக்கி எழுப்பினர். பழைய இடத்தைத் தண்ணீர் மூடிவிட்டது.

ஏன் மூடியது? மகாவலி கங்கையின் நீர் வடக்கே திரும்பியதால். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு ஆற்றை மறித்து, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக உக்குவளைக்கு நீரை அனுப்பினார்கள். அங்குள்ள மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு அந்த நீர் சுது கங்கையிலே விழுந்து, அம்பன் கங்கையாகி, போவத்தென்ன என்ற இடத்தில் முப்பது மீற்றர் உயரமான அணைக்கட்டிலே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தின் நீர்தான் நாலந்தா வரை கை நீட்டியது. போவத்தென்ன மின் நிலையம் 1981ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஒரே ஒரு சுழலி, நாற்பது மெகாவாற். அதாவது ஒரே ஒரு சுழல்தண்டு.

ஆயிரம் ஆண்டு அசையாது நின்ற ஒன்று அசையவேண்டி வந்தது, ஒரு தண்டு ஓயாமற் சுழல்வதற்காக. சுழன்றால் மட்டும் போதாது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று குறித்த கதியிலே, அதுவும் நாட்டிலுள்ள மற்றைய தண்டுகளோடு ஒரே நிலையிலே சுழலவேண்டும். இலக்கிய நேயர்களுக்கு இயந்திரத்தின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காலமும் சுருதியும் தாளமும் நமக்கு எந்த அளவு இலக்கியமோ அந்த அளவு இதுவும் இலக்கியம் என்பது என் எண்ணம். இந்த வானொலியும் அந்தத் தண்டை நம்பித்தான் பாடியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சுழலும் ஒன்றைக் குறித்த கதியிலே நிறுத்துவது எப்படி என்ற கேள்வி மின்சாரத்துக்கு முந்தியது. காற்றாலைக்காரர்கள் முதலில் அதை எதிர்கொண்டார்கள். காற்றுப் பலத்தால் ஆலைக்கல் வேகமாய் ஓடும், மா கருகும். 1787இல் தோமஸ் மீட் என்ற ஆங்கிலேய ஆலைவினைஞர், சுழலும்போது விலகி எழும் குண்டுகளைக் கொண்டு இதைச் சீராக்கும் வழிக்கு உரிமம் பெற்றார். மறு ஆண்டே ஜேம்ஸ் வாட் அதைத் தமது நீராவி இயந்திரத்துக்கு ஏற்றினார். இரண்டு இரும்புக் குண்டுகள் இரண்டு கைகளிலே தொங்குகின்றன. தண்டு வேகமாய்ச் சுழன்றால் கைகள் விரியும். விரிந்தால் நீராவி வாயில் சற்று மூடும். மெதுவானால் கைகள் தாழும்; வாயில் திறக்கும். ராட்டினத்திலே இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். உடனே கொழும்பிலே கொலுவிருந்த வெள்ளைக்காரத் துரையை நினைக்கவேண்டாம். அந்தச் சொல் இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போகிறது. அங்கே அதன் பொருள் சுக்கான் பிடிப்பவன். நமது பழைய தமிழில் மீகாமன். அலைக்குத் தக்கபடி கையை அசைத்துக்கொண்டே இருப்பவன் என்று வைத்துக்கொண்டால் கருவியின் வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

வாட்டின் குண்டுகள் நம் ஊர்களுக்கும் வந்தன. வந்த வழிதான் வேடிக்கையானது. பழைய கிராமபோன் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள்: சாவி முடுக்கும் வில்லுக்கு அடியிலே, மெல்லிய தகட்டு விற்களில் மூன்று சிறு குண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து, ஒரு வட்டத் தகட்டை இழுத்துச் சென்று தோல் அல்லது கம்பளித் துண்டிலே உரசவைக்கும். 1896 அளவில் அமெரிக்காவிலே எல்ட்றிட்ஜ் ஜோன்சன் என்பவர் பேர்லினரின் கிராமபோனுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு இது. அது இல்லாவிட்டால் வில் புதிதாய் முடுக்கியபோது பாட்டு ஓடும், தளர்ந்தபோது நடக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தோடியாகவே கேட்டதற்கு அவருடைய மூச்சு முக்காற் காரணம் என்றால், இந்த மூன்று குண்டுகளும் காற் காரணம். இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதிலாக 80 சுற்றுச் சுழன்றால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்திற் பாதி ஏறிவிடும். சுருதிப் பெட்டியோடு சேர்ந்து கேட்டவர்களுக்கு அது பொறுக்காது.

வாட்டின் கருவிக்கு இரண்டு குறை. முதலாவது, பாரம் ஏறினால் அது பழைய கதிக்கு முழுதாகத் திரும்பாது. சற்றுக் குறைந்த கதியிலே நின்றுவிடும். வாயில் கூடுதலாகத் திறந்திருக்கவேண்டுமானால் குண்டுகள் சற்றுத் தாழ்ந்தே இருக்கவேண்டும் அல்லவா? இரண்டாவது, அதைத் திருத்தப் போனால் இயந்திரம் தடுமாறத் தொடங்கும். வேகம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒருபோதும் அமராது. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இந்தத் தடுமாற்றத்துக்குக் கணக்கு எழுதினார். விலகலைக் குறைப்பது ஒரு வகை, விலகலை முற்றாக ஒழிப்பது இன்னொரு வகை என்று அவர் பிரித்துக்காட்டினார். ஒழிக்க முயலும் கருவிதான் பெரும்பாலும் ஆட்டங்காணும். மின்காந்த அலையைக் கணக்கிலே கண்ட அதே மனிதர், இரும்புக் குண்டுகளின் தள்ளாட்டத்துக்கும் நேரம் ஒதுக்கினார் என்பதை நினைக்க மகிழ்ச்சியாயிருக்கிறது.

நீரினாற் சுழலும் சுழலியிலே இந்தத் தொல்லை இன்னும் கூடியது. போவத்தென்ன போன்ற இடத்திலே நீர் நீண்ட சுரங்கம் வழியாக வருகிறது. நாட்டிலே மின்சாரப் பாவனை திடீரெனக் கூடித் தண்டு தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவர்னர் வாயிலைத் திறக்கிறது. சுரங்கத்தில் நிற்கும் அத்தனை தொன் நீரும் உடனே ஓடத் தொடங்குமா? தொடங்காது, அதற்குச் சடத்துவம் உண்டு. வாயில் திறந்த கணத்திலே அங்கே அழுத்தம் குறைகிறது. கிடைக்கும் வலு கூடுவதற்குப் பதிலாக ஒரு கணம் குறைகிறது! போதவில்லை என்று கவர்னர் இன்னும் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை இயந்திரத்திலே கண்ணாற் காணலாம். ஆகவே நீர்நிலையத்துக் கவர்னருக்குப் பொறுமை கற்பிக்கவேண்டியிருந்தது. எண்ணெய் நிரம்பிய உருளையிலே ஒரு பிஸ்டனை இட்டு, முதல் அசைவைத் தளர்த்தி, பின்னர் மெல்ல மெல்ல முழு அளவுக்கு விட்டார்கள்.

எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்ன வரலாறு சுவிற்சர்லாந்திலே நடந்தது. 1893 அளவிலே அவுரல் ஸ்டொடோலா என்ற பொறியியற் பேராசிரியர் நீர்ச்சுழலியின் கவர்னரை ஆராய்ந்தார். எப்போது அமரும், எப்போது ஆடும் என்பதைச் சமன்பாட்டைத் தீர்க்காமலே அறியமுடியுமா என்று சூரிச்சிலே தம்மோடு பணியாற்றிய கணித அறிஞர் அடொல்ப் ஹேர்விட்ஸ் அவர்களிடம் கேட்டார். 1895இல் ஹேர்விட்ஸ் அதற்கு விடை எழுதினார். அந்த விடை முதலிலே பயன்பட்டது டாவோஸ் என்ற மலைநகரத்து நீர்ச்சுழலியிலே. காசநோயாளர்கள் காற்று வாங்கப் போன ஊர் அது. இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர் அந்த விதியை மனனஞ்செய்கிறார்கள். அது நீரின் பிடிவாதத்திலே பிறந்தது என்று அவர்களுக்குச் சொல்லுவோர் குறைவு.

இலங்கைக்கு வருவோம். நமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றிலே மின்சாரத்துக்கு முன்பே நீர்ச்சில்லும் சிறு சுழலியும் இருந்தன. கூரையின் கீழ் ஒரே நீண்ட தண்டு ஓடும். அதிலிருந்து பட்டிகள் இறங்கி உருட்டும் இயந்திரங்களைச் சுற்றும். ஓடையிலே நீர் வற்றினால் கொழுந்து காத்திருக்கும். அந்த ஓடைகளையெல்லாம் ஒன்றாகப் பார்த்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912இல் நானுஓயாவுக்கு அருகே பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியாவுக்கு ஒளி கொடுத்தார். 1918இல் இலங்கையின் நீர்வலுவைப் பற்றிய தமது ஆய்வை இலங்கைப் பொறியியற் சங்கத்திலே வாசித்தார். துரைமார் பலர் அதைக் கனவென்றே கொண்டனர். லக்ஸபான நிலையம் 1950இல் இயங்கியபோது அவருக்கு வயது 76. மூன்றாண்டின் பின் காலமானார். ஒரு மனிதர் தமது கணக்குச் சரியென்று காண முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்தார்.

ஒரு நிலையம் தனியே இருக்கும்வரை கதியைக் காப்பது மட்டுமே வேலை. இரண்டாவது நிலையத்தை இணைக்கும்போதுதான் நிலையும் முக்கியமாகிறது. இதைச் சற்று ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

மின்பிறப்பாக்கியின் தண்டிலே காந்தமுனைகள் சோடி சோடியாக உள்ளன. நமது நாட்டு மின்சாரத்தின் மீடிறன், அதாவது தமிழகத்தார் அதிர்வெண் என்பது, விநாடிக்கு ஐம்பது. ஒரே சோடி முனையுள்ள தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலவேண்டும். ஐந்து சோடியானால் 600. பத்துச் சோடியானால் 300. நீர்ச்சுழலி மெதுவானது; ஆகவே அதன் தண்டிலே முனைகள் அதிகம். ஓய்ந்திருக்கும் ஒரு தண்டை நாட்டின் வலையமைப்போடு சேர்க்கும்போது, அதன் கதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. மற்றத் தண்டுகளின் முனைகள் எந்தக் கோணத்திலே இருக்கின்றனவோ அதே கோணத்திலே இதன் முனைகளும் அந்தக் கணத்திலே இருக்கவேண்டும். இதற்கென ஒரு முகப்புக் கருவி உண்டு. மணிக்கூடு போன்றது, ஒரே முள். புதிய தண்டு வேகமானால் முள் வலமாகச் சுற்றும், மெதுவானால் இடமாக. இயக்குபவர் கதியை மிகமிக மெல்லத் திருத்துகிறார். முள் சோம்பலாக வலஞ்சுற்றி வருகிறது; ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டைத் தொடுவதற்குச் சற்றுமுன் ஆளியை மூடவேண்டும். அந்த முள் இல்லாத பழைய காலத்திலே மூன்று மின்குமிழ்களை இணைத்து, அவை ஒளிர்ந்து மங்கி, முற்றாக இருளும் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். ஒளியைத் தருவதற்காக இருளைப் பார்த்திருக்கும் வேலை!

தவறான கோணத்திலே மூடினால் நாடு முழுவதும் உள்ள தண்டுகள் ஒன்றுசேர்ந்து இந்த ஒரு தண்டை உதறி நேராக்கப் பார்க்கும். எதிரெதிர்க் கோணமானால் தண்டை இணைக்கும் இரும்பாணிகள் அறுந்துபோகவும் கூடும். சரியான கணத்திலே மூடினால் ஒரு சத்தமும் இல்லை. அதன்பின் அந்தத் தண்டு தன்னிச்சையாக ஓடமுடியாது. போவத்தென்னவும் உக்குவளையும் லக்ஸபானவும் விக்டோரியாவும், கண்ணுக்குத் தெரியாத பற்சில்லுகளாலே கோத்ததுபோல, ஒரே கதியிலே சுற்றுகின்றன. இடையே நூறு கிலோமீற்றர் மலையும் காடும் இருந்தால் என்ன?

அப்படியானால் கவர்னருக்கு என்ன வேலை? இங்கேதான் வாட்டின் பழைய குறை பெரும் நிறையாக மாறுகிறது. பாரம் ஏறினால் கதி சற்றுக் குறையவிடும் அந்தக் குணத்தைப் பொறியியலாளர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். விலகலை முற்றாக ஒழிக்கும் இரண்டு கவர்னர்களை ஒரே வலையமைப்பிலே விட்டால், ஒன்று மேலே இழுக்கும், மற்றது கீழே தள்ளும். எல்லாப் பாரத்தையும் ஒன்றே சுமக்கும், மற்றது சும்மா நிற்கும். வண்டியிலே பூட்டிய இரண்டு மாடுகளும் சற்று விட்டுக்கொடுத்தால்தான் நுகம் நேராக நிற்கும். கதி சிறிது தளர்வதைக் கண்டே ஒவ்வொரு தண்டும் தன் பங்குக்குத் தோள்கொடுக்கிறது. பெரும்பாலும் ஒரு பெரிய நிலையத்தை மாத்திரம் இறுதித் திருத்தத்துக்கு விடுவார்கள்.

இப்போது வானொலிக்கு வருகிறேன். மின்மோட்டர் என்பது மின்பிறப்பாக்கியை மறுபுறம் பிடித்ததுதான். ஒத்தியங்கும் வகை மோட்டரானால் அதன் தண்டு மின்நிலையத்துத் தண்டோடு அடிக்கடி ஒத்து நடக்கும், பின்தங்காது, முந்தாது. மாவரைக்கும் ஆலையின் மோட்டர் போன்ற மற்ற வகை, பாரத்துக்கேற்ப நூற்றுக்குச் சில பங்கு பின்தங்கியே ஓடும். ஒத்தியங்கும் மோட்டரை மணிக்கூட்டில் வைத்தவர் அமெரிக்கரான ஹென்றி வொறன். தம்முடைய மணிக்கூடுகள் பிழையான நேரம் காட்டியதைக் கண்டு ஆராய்ந்தார். பிழை மணிக்கூட்டில் இல்லை, மின் நிலையத்தில் என்று தெரிந்தது. 1916இல் பொஸ்டன் மின் நிலையத்திலே அவருடைய தலைமை மணிக்கூடு ஏறியது. அதிலே இரண்டு முட்கள். ஒன்று ஊசலினாலும், மற்றது நிலையத்தின் சொந்த மின்சாரத்தாலும் நகரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நிற்குமாறு சுழலியைத் திருத்துவது இயக்குபவர் கடமை. அதுவரை கதியை மட்டும் பார்த்தவர்கள், அன்றுமுதல் சுற்றுக்களின் கூட்டுத்தொகையையும் பார்க்கத் தொடங்கினார்கள். மீடிறன் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அந்த வகை மணிக்கூடு மணித்தியாலத்துக்கு 36 விநாடி பின்தங்கும் என்பது கணக்கு.

இசைத்தட்டுக்கும் அதே விதி. 78 சுற்று என்று நாம் வாயாற் சொல்வது உண்மையிலே 78 அன்று. அமெரிக்காவிலே மின்சாரம் விநாடிக்கு அறுபது. அங்கே 3600 சுற்று மோட்டரை 46ஆற் பிரித்ததால் 78.26 வந்தது. நம்மைப்போல ஐம்பது உள்ள நாடுகளிலே 77.92. தட்டின் மத்தியிலே கோடுகள் வரைந்த வட்டத் தாளை வைத்து, மின்குமிழின் வெளிச்சத்திலே பார்ப்பது வழக்கம். ஐம்பது மீடிறனிலே குமிழ் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். 77 கோடுள்ள வளையம் அசையாமல் நின்றதுபோலத் தோன்றினால் கதி சரி. நெடுநேரத் தட்டுக்கு 180 கோடு. ஓடுகிற ஒன்று நின்றதுபோலத் தெரிவதே சரியான ஓட்டத்துக்குச் சாட்சி என்பது எத்தனை அழகான சோதனை!

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் கோடுகள் மின்சாரத்தோடு ஒத்திருப்பதை மட்டும் காட்டும். மின்சாரமே தளர்ந்திருந்தால் தட்டும் தளரும், குமிழும் தளரும், கோடுகள் அசையாமலே நிற்கும். கொழும்பிலே 1925 டிசெம்பரிலே தொடங்கிய வானொலி, பிற்காலத்திலே ஒத்தியங்கும் மோட்டர்களாற் சுழன்ற தட்டுக்களையும் நாடாக்களையும் கொண்டு பாடிய ஆண்டுகளிலெல்லாம், அதன் சுருதியைப் பிடித்திருந்தது மலைநாட்டுத் தண்ணீர்தான். கலையகத்திலே எவரும் அதை நினைத்திருக்கமாட்டார்கள். நல்ல தம்பூரா போல, பிசகினாலொழிய அது நினைவுக்கு வராது.

போவத்தென்னவின் தண்டுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. அது எந்தக் கவர்னராலும் ஆகாதது. அந்தத் தேக்கத்திலே நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சுரங்கம் வழியாகக் கலாவெவ பக்கம் வயல்களுக்குப் போகிறது. அது சுழலியைத் தொடுவதில்லை. மறுபங்கு சுழலியைச் சுற்றிவிட்டு அம்பன் கங்கையில் இறங்கி எலஹெர, மின்னேரிப் பக்கம் போகிறது. பொல்கொல்லையிலே வடக்கே திருப்பும் ஒவ்வொரு துளியும், 1985இல் திறந்த விக்டோரியாவுக்கும் அதற்குக் கீழேயுள்ள ரந்தெனிகல, ரந்தம்பை நிலையங்களுக்கும் இல்லாமற் போகும் துளி. பெரிய வீழ்ச்சி அங்கேதான். ஆகவே மின்சாரக்காரர் நீரைக் கீழே விடச் சொல்வர். கமக்காரர் வடக்கே விடச் சொல்வர். பட்டிபார்த்துப் பயிர்செய்யும் பருவத்திலே யார் வெல்லவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலந்தாவின் வயலை மூழ்கடித்த நீர் வேறொருவன் வயலுக்காவது போகவேண்டும்.

மோட்டர் மெல்ல மெல்ல மின்நிலையத்துத் தண்டின் பிடியிலிருந்து விலகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1891இலேயே வோட் லெனாட் என்பவர் நேரோட்ட மோட்டரின் கதியை விரும்பியபடி மாற்ற வழி கண்டார். தேவைப்பட்டது, மோட்டர் தன் கதியைத் தானே அளந்து தெரிவிக்கும் ஏற்பாடு. 1970இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் மோட்டரின் தண்டிலேயே நேராக இசைத்தட்டை வைத்தது. 1979இல் வந்த அதன் வேறொரு இயந்திரத்திலே படிகத்தின் துடிப்போடு கதி ஒப்பிடப்பட்டது. வாட்டின் குண்டுகளுக்குப் பதில் படிகம். ஆனால் அளந்து, ஒப்பிட்டு, திருத்துவது என்ற வழி மாறவில்லை. பின்னர் தண்டிலே நுண்ணிய பிளவுகள் வெட்டிய வட்டத்தகடு ஏறியது. ஒளி அந்தப் பிளவுகளை எண்ணி, தண்டு எந்தக் கோணத்திலே நிற்கிறது என்று சொன்னது. அப்போது மோட்டருக்கு, சுழல் என்று மட்டுமன்றி, இங்கே நில் என்றும் ஆணையிட முடிந்தது.

தண்டின் நிலையைப் பிடிப்பதிலே தமிழ்நாட்டில் ஒரு பெருங்காட்சி உண்டு. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்த வானொலித் தொலைநோக்கி. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், 24 வளைசட்டங்கள். அந்த இடத்தின் அகலக்கோடு ஏறக்குறைய பதினொரு பாகை. அதே சரிவுள்ள மலைச்சாரலைத் தேடிப்பிடித்து, வடக்குத் தெற்காக அதை வைத்தார்கள். ஆகவே அதன் அச்சும் பூமியின் அச்சும் சமாந்தரம். பூமி மணிக்குப் பதினைந்து பாகை கிழக்கே திரும்ப, இது அதே அளவு மேற்கே திரும்பினால், வானத்திலுள்ள ஒரு புள்ளியை ஒன்பதரை மணித்தியாலம் விடாமற் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடலைப் பார்த்துச் சுக்கான் பிடித்தவனைப்போல, வானத்தைப் பார்த்துச் சுற்றும் மோட்டர். நாலந்தாவிலே மலையை நீருக்கு இசைவித்தார்கள். அங்கே கருவியை மலைக்கு இசைவித்தார்கள்.

வீடுகளிலே உள்ள மணிக்கூடுகளும் பாட்டுப்பெட்டிகளும் மின்நிலையத்துத் தண்டை மறந்துவிட்டன. நாட்டின் வலையமைப்பு மறக்கவில்லை. அதை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எல்லோரும் அறிந்துகொண்டோம். பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது. தீவு முழுவதும் இருண்டது. செய்தித்தாள்கள் குரங்கைப் பிடித்துக்கொண்டு பல நாள் சிரித்தன. இராமாயணம் தெரிந்த நாட்டிலே அது இயல்பே. ஆனால் பொறியியலாளர் சொன்ன காரணம் குரங்கைவிட முக்கியமானது. ஞாயிறு, பாவனை குறைவு, வானம் தெளிவு, கூரைகளிலே இருந்த சூரியத் தகடுகள் நாட்டின் தேவையிற் பெரும்பங்கைத் தந்துகொண்டிருந்தன. அதனாற் சுழன்றுகொண்டிருந்த தண்டுகள் குறைவு. கனத்த தண்டு, அதிர்ச்சி வந்தவுடன் நிற்காது. தன் சடத்துவத்தைச் செலவிட்டுச் சில விநாடி தாங்கும். அந்தச் சில விநாடியிலேதான் கவர்னர்கள் விழித்து வாயிலைத் திறக்கவேண்டும். சூரியத் தகட்டிலே சுழல்வது எதுவும் இல்லை. தாங்குவதற்குத் தண்டு போதாதபோது மீடிறன் கல்லுப்போல விழுந்தது.

சூரிய ஒளி வேண்டாம் என்று இதனாற் சொல்லமுடியாது. நிலக்கரி வாங்கக் காசில்லாத நாடு அப்படிச் சொல்லவும் கூடாது. செய்யக்கூடியவை சில உண்டு. நீர்ச்சுழலியின் அறையிலே அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரைக் கீழே தள்ளிவிட்டு, தண்டை வலையமைப்போடு சேர்த்தே சும்மா சுழலவிடலாம். அது பெரிதாக மின்சாரம் தராது, நீரும் செலவாகாது. கனத்தோடு கூடவே ஓடுவது ஒன்றே அதன் தொழில். உலகிற் சில நாடுகளிலே பழைய நிலக்கரி நிலையங்களின் பிறப்பாக்கிகளையும் இப்படி வைத்திருக்கிறார்கள். மற்றொன்று மின்கலத் தொகுதி. அதன் மின்னணுக் கட்டுப்பாட்டிலே ஒரு கற்பனைத் தண்டை எழுதிவைக்கிறார்கள்: இன்ன கனம், இன்ன கதி, பாரம் ஏறினால் இவ்வளவு தளர்வு, இன்ன கோணம். வாட்டின் குண்டுகளும், மக்ஸ்வெல்லின் சமன்பாடும், எண்ணெய் உருளையின் பொறுமையும் இலக்கங்களாக அதற்குள்ளே இருக்கின்றன. சுழலாத அந்தப் பெட்டி, போவத்தென்னவின் தண்டுக்குத் தானும் ஒரு தண்டு என்று தோன்றும்படி நடந்துகொள்கிறது.